சுத்தமான படம்

முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரும்புத் தட்டு வந்து நின்றது. யாஸ்னா கண்களை மூடிக்கொண்டாள்.

"அசையக் கூடாது, சென்யோரா. மூச்சு விடலாம். அதைக்கூட விடாம சில பேர் படுத்திருப்பாங்க, நான் ஓடி வரவேண்டியதாப் போயிடும்," என்றார் கமலியேல். ஸ்கேன் இயந்திரத்தை இயக்குகிறவர் அவர். தடித்த உடம்பு, மெல்லிய குரல்.

"கை நடுங்குது."

"குளிரா?"

"குளிர்தான்."

அவர் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போட்டார். வெளியே ஜனவரி மாதத்துக் கோடை வெயிலில் சாந்தியாகோ நகரம் வெந்துகொண்டிருந்தது. யாஸ்னா கம்பளிச் சட்டையோடு வந்திருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் கழுத்தைக் கீறித் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அதற்குப் பிறகு அந்தச் சுரப்பியின் வேலையைத் தினமும் ஒரு மாத்திரை செய்துவந்தது. இந்த ஸ்கேனுக்காக அதையும் நிறுத்திவிட்டார்கள். மாத்திரை நின்றதும் அவள் உடம்பில் அடுப்பு அணைந்தது போல ஆயிற்று. முகம் வீங்கியது. நடை தளர்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்தது.

நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லையா என்று டாக்டர் ஃபெர்ராதாவிடம் கேட்டிருந்தாள்.

"உடம்பை அயோடினுக்குப் பட்டினி போடணும்," என்றிருந்தார் டாக்டர். "தைராய்டு புற்று செல் எங்க ஒளிஞ்சிருந்தாலும் பசியில வாயைத் திறக்கும். அப்போ கொஞ்சம் கதிர்வீசும் அயோடினைக் குடுப்போம். குடிக்கும். குடிச்ச இடம் படத்துல கறுப்பாத் தெரியும். பட்டினி சரியா இருந்தாத்தான் படம் சரியா இருக்கும்."

பட்டினி என்றால் சோற்றுக்கு இல்லை. அயோடின் சேர்த்த கடை உப்பு கூடாது, மீன் கூடாது, சிப்பி கூடாது, பால் கூடாது. கடற்பாசி கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் வேடிக்கை. யாஸ்னாவின் ஊரான லோபேரியா கடற்பாசியால் பிழைக்கிற ஊர். அங்கே ஆண்கள் பாறையில் இறங்கிக் கொச்சாயூயோவை அறுப்பார்கள். மாட்டு வார் போலத் தடித்த பழுப்புப் பாசி. பெண்கள் அதை மணலில் காயவைத்து, மடித்து, கட்டுக்கட்டாகக் கட்டுவார்கள்.

தட்டு மெல்ல நகர்ந்தது. முகத்திலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மார்புக்கு. யாஸ்னா ரயேனை நினைத்துக்கொண்டாள். ஒன்பது மாதக் குழந்தை. இந்த ஸ்கேனுக்காகத்தான் அவளுக்கு முலைப்பாலை நிறுத்தினாள். அயோடின் குடித்ததால் இன்னும் சில நாட்களுக்கு அவளைத் தூக்கவும் கூடாது. மருத்துவமனைக்கு எதிரே ஒரு விடுதியில் யாஸ்னா தனியாகத் தங்கியிருந்தாள்.

"முடிஞ்சுது," என்றார் கமலியேல்.

"என்ன தெரியுது?"

"நான் சொல்லக் கூடாது, சென்யோரா. என் வேலை போயிடும்." ஆனால் அவர் முகம் சிரித்தது.

டாக்டர் ஃபெர்ராதா வந்து திரையைப் பார்த்தார். குள்ளமான பெண்மணி, மூக்குக் கண்ணாடி நெற்றியில் கிடக்கும். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிவிட்டும் பார்த்தார். பிறகு திரையை யாஸ்னா பக்கம் திருப்பினார். வெள்ளைப் பரப்பில் ஓர் ஆள் உருவம். வாய்ப் பக்கம் கறுப்பு, வயிற்றில் கறுப்பு, மூத்திரப்பையில் கறுப்பு.

"இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கும். கழுத்தைப் பாருங்க."

கழுத்து வெள்ளையாக இருந்தது.

"படத்துல ஒண்ணும் இல்லை. இரத்தப் பரிசோதனை வரட்டும், அப்புறம் பேசுவோம்."

யாஸ்னாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. படிக்கட்டிலேயே நின்று கணவனுக்குப் போன் செய்தாள்.

"கிழவா."

"சொல்லு கிழவி." எலியேசரின் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"படத்துல ஒண்ணும் இல்லையாம்."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லை. கழுத்து சுத்தம்."

அவன் போனைக் கையில் பிடித்தபடியே பாறையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான். "டேய்! என் பொண்டாட்டி கழுத்து சுத்தமாம்டா!"

"ஏன், இத்தனை நாளா கழுவாமலா வெச்சிருந்தா?" என்று யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. எலியேசரும் சிரித்தான். பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீ வர்ற அன்னிக்கு ஆடு வெட்டுறேன்," என்றான்.

"நான் வர்றவரைக்கும் காத்திருப்பியா நீ?"

"காத்திருக்க மாட்டேன். இன்னிக்கே வெட்டுறேன். நீ வந்தா இன்னொண்ணு."

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார், இன்றே.

டாக்டர் ஃபெர்ராதா நாற்காலியைக் காட்டினார். கண்ணாடி நெற்றியில் இல்லை, மூக்கில் இருந்தது.

"படம் நல்லா இருக்கு, யாஸ்னா. இரத்தம் நல்லா இல்லை."

"என்ன அர்த்தம்?"

"தைரோகுளோபுலின்னு ஒரு புரதம். தைராய்டு செல்லைத் தவிர வேற எதுவும் அதைச் செய்யாது. உங்களுக்குத் தைராய்டே கிடையாது. அப்போ அந்தப் புரதம் இரத்தத்துல இருக்கக் கூடாது. இருக்கு."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் இல்லை."

யாஸ்னா சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"எங்கேயோ செல் இருக்கு. ஆனா நேத்து அயோடினைக் குடிக்கலை. ஏன் குடிக்கலைன்னு எனக்குத் தெரியணும். நான் கேக்கறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. முடிக்குச் சாயம் போட்டீங்களா?"

"இல்லை."

"காயத்துக்கு அயோடின் கலந்த செம்மருந்து?"

"இல்லை."

"வேற எங்கயாவது மருந்து ஏத்தி ஸ்கேன் எடுத்தாங்களா?"

"இல்லை."

"ரொட்டி?"

"என் நாத்தனார் தனியாச் சுட்டுக் குடுத்தா. கடை உப்பு இல்லாம. பஸ்லகூட அதைத்தான் தின்னேன். கல்லு மாதிரி இருக்கும்."

"மீன்? சிப்பி?"

"தொடலை."

"கடற்பாசி?"

"டாக்டர், நாங்க அதை விக்கறவங்க. தின்னா என்ன ஆகும்னு நீங்க சொன்னது என் மண்டையில இருக்கு. தட்டுல ஒரு துண்டு வெச்சுத் தின்னேன்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க."

"கோபப்படாதீங்க. எல்லாரையும் கேக்கறதுதான்." டாக்டர் ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பியை மேசையில் வைத்தார். "மூத்திரம் பிடிச்சுக் குடுங்க. உடம்புல எவ்வளவு அயோடின் இருக்குன்னு அது சொல்லிடும்."

நடைக்கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். யாஸ்னா குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூத்திரம் வருகிற மாதிரி இல்லை. குழந்தையைப் பார்த்தால் தேவலை போல இருந்தது. மிரேயாவுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். எலியேசரின் தங்கை. ரயேன் அவளிடம்தான் இருந்தாள்.

"அண்ணி! மூஞ்சி என்ன, பன்னு மாதிரி உப்பிக் கிடக்கு?" என்றாள் மிரேயா. "இங்க உங்க அண்ணன் ஆட்டை வெட்டிட்டாரு."

"என் அண்ணன் இல்லை, உன் அண்ணன்."

"வார்த்தை மறக்குதுன்னு சொன்னியே, சோதிச்சுப் பாத்தேன். இவரு ஊருக்கே சொல்லிட்டாரு. பாதிரியார் மட்டும்தான் பாக்கி, அவரும் சாப்பாட்டுக்கு வர்றாரு."

இடுப்பில் இருந்த ரயேன் சிணுங்கத் தொடங்கினாள். பிறகு வாயைப் பிளந்து அழுதாள். மேல் ஈறு சிவந்திருந்தது.

"இரு, இரு, அத்தை தர்றேன்." மிரேயா ஏப்ரனின் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த கொச்சாயூயோத் துண்டை எடுத்தாள். அதன் நுனியைத் தன் கடைவாயில் வைத்து நறுக்நறுக்கென்று கடித்தாள். கடித்துக்கொண்டே பேசினாள். "ராத்திரியெல்லாம் தூங்கலை. நாளைக்குள்ள பல்லு வெளிய வந்துடும் பாரு." நுனி குழைந்ததும் அதை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். ரயேன் இரண்டு கையாலும் பிடித்துச் சப்பினாள். அழுகை நின்றது.

"மிரேயா, என்ன பண்றே?"

"என்ன பண்றேன்? நீ பண்றதைத்தான்."

யாஸ்னா போனை மடியில் கவிழ்த்தாள்.

காய்ந்த பாசி கட்டை போல இருக்கும். அப்படியே கொடுத்தால் ஈறு கிழியும். லோபேரியாவில் பல் முளைக்கிற குழந்தை உள்ள வீட்டில், யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவர் முதலில் கடித்துப் பதமாக்கிக் கொடுப்பார். அதற்குத் தின்பது என்று பெயர் இல்லை. அதற்குப் பெயரே இல்லை. முலைப்பால் நின்ற நாளிலிருந்து ரயேன் ஓயாமல் அழுதாள். யாஸ்னா ஓயாமல் கடித்துக் கொடுத்தாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. உப்பில்லாத ரொட்டி, உப்பில்லாத உருளைக்கிழங்கு, உப்பில்லாத கஞ்சி. நாக்கு செத்துக் கிடந்த நாட்களில் அந்த நுனியில் மட்டும் கடல் உப்பு இருந்தது. பதமான பிறகும் சில முறை கூடுதலாகக் கடித்திருக்கிறாள். சாற்றை விழுங்கியிருக்கிறாள்.

குப்பியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. எல்லாம் மறுபடியும். மாத்திரை இல்லாத வாரங்கள், குளிர், குழந்தையைத் தூக்க முடியாத கை. மிரேயா சுட்ட ரொட்டி வீண். எலியேசர் பாறைக்குப் போகாமல் அவளோடு பஸ் ஏறிய நாட்கள் வீண். பாதிரியார் வரைக்கும் சொல்லியாயிற்று. படம் சுத்தம் என்று டாக்டரே வாயால் சொன்னார். அந்தப் படத்தை அழிக்கப் போகிறது இந்தக் குப்பி.

குழாயைத் திறந்தாள். குப்பியில் கால்வாசி தண்ணீர் பிடித்தாள். மீதியை மூத்திரத்தால் நிரப்பினால் நிறம் வந்துவிடும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கண்ணாடியில் வீங்கிய முகம் தெரிந்தது. படம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இரத்தமும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? டாக்டர் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலிக் குப்பியோடு திரும்பிப் போனாள்.

"அதுக்குள்ளயா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு கேக்கணும். மூத்திரம் சுத்தமா இருந்தா என்ன அர்த்தம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சுத்தமா இருந்தா, பட்டினி சரியா இருந்திருக்கு, செல்தான் குடிக்கலைன்னு அர்த்தம். சில புற்று செல் நாளாவட்டத்துல மாறிடும். அயோடினை வாங்கறதை விட்டுடும். அது நல்ல செய்தி இல்லை, யாஸ்னா. அயோடின் குடிக்கிற செல்லை அயோடினைக் குடுத்தே கொல்லலாம். குடிக்காததை அப்படிக் கொல்ல முடியாது. வேற ஸ்கேன், வேற மருந்து. அதுங்க பலன் கம்மி."

"சுத்தமா இல்லைன்னா?"

"அப்போ நேத்து எடுத்த படம் பொய். பசியே இல்லாத செல்லுக்குச் சாப்பாடு நீட்டியிருக்கோம். அதைப் பாத்து ஒண்ணும் முடிவு பண்ண முடியாது." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உங்க இடத்துல நான் இருந்தா, அது பொய்யா இருக்கணும்னுதான் ஆசைப்படுவேன்."

யாஸ்னா காலிக் குப்பியை மேசையில் வைத்தாள்.

"நான் கொச்சாயூயோ கடிச்சேன்."

"தின்னலைன்னு சொன்னீங்க."

"தின்னலை. கடிச்சேன். குழந்தைக்குப் பல்லு வருது. மொதல்ல நாம கடிச்சுக் குடுக்கணும்."

டாக்டர் அவளையே பார்த்தார். "பல்லுக்கா?"

"நீங்க சின்னதுல கடிச்சதில்லையா?"

"எனக்கு ரப்பர் வளையம் குடுத்தாங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிச்சிருப்பீங்க?"

"அவ எத்தனை தடவை அழுவாளோ அத்தனை தடவை. சாறும் உள்ள போச்சு. உப்பா இருந்துச்சு, டாக்டர். அதனால..."

டாக்டர் திட்டவில்லை. எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிவிட்டு, "மூத்திரத்தை எப்படியும் குடுங்க," என்றார். "அப்புறம் கீழ் மாடிக்கு வாங்க. அல்ட்ராசவுண்டுக்குப் பட்டினி தேவையில்லை. இப்பவே பாத்துடுவோம்."

கீழ் மாடி அறை இருட்டாக இருந்தது. தோளுக்கு அடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தார்கள். பசை குளிர்ந்தது. டாக்டரே கருவியைப் பிடித்துக் கழுத்தில் ஓட்டினார்.

"லோபேரியாவுக்கு நான் ஒரு தடவை வந்திருக்கேன். காத்துல தொப்பி பறந்துபோச்சு."

"எங்க ஊருக்கு யாரும் தொப்பியோட வர மாட்டாங்க. பறந்துபோற தொப்பியைக் கடல் சிங்கம் போட்டுட்டுத் திரியும்."

டாக்டர் சிரித்தார். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் கருவி ஏறி இறங்கியது. தழும்புக்குக் கீழே வந்து நின்றது. சாய்ந்தது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. டாக்டர் திரையை நோக்கிக் குனிந்தார்.

ஒரு விசை தட்டும் ஒலி. இன்னொன்று.

யாஸ்னா கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு ஈரக்கறை இருந்தது. "என்ன?" என்று கேட்கத் தொண்டையை அசைக்க வேண்டும். அசைக்கப் பயமாக இருந்தது.

"கொஞ்சம் அழுத்துவேன்," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது.

மேலும் சில ஒலிகள். பிறகு டாக்டர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறச் சேற்றுக்குள் ஒரு கறுத்த முட்டை. அதற்குள் உப்புத் தூவியது போல வெள்ளைப் பொடி.

"ஒரு நிணநீர்க் கணு. பட்டாணி அளவு. மூச்சுக்குழாயை ஒட்டினாப்ல இருக்கு. ஊசி போட்டுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா எனக்கு இது பிடிக்கலை."

"வெட்டி எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை கீறின இடம். எல்லாம் ஒட்டிக் கிடக்கு. குரல் நரம்பு அதுமேலயேதான் போகுது. குரல் போகலாம்." டாக்டர் கழுத்துப் பசையைத் துடைத்துவிட்டார். "அயோடின் குடிக்கிற கணுவா இருந்தா, கத்தி எடுக்காம, பெரிய அளவு அயோடின் குடுத்துப் பாப்போம். குடிக்கலைன்னா கத்திதான்."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். எலியேசர் குறுக்கே பேசாமல் கேட்டான். பின்னணியில் பாட்டும் தட்டுகளின் சத்தமும் கேட்டன.

"ஆட்டை வெட்டியாச்சு," என்றான் கடைசியில்.

"தின்னுங்க. அதுக்கென்ன."

"எல்லாரும் வந்திருக்காங்க. நான் என்னன்னு சொல்ல?"

"இன்னும் முடியலைன்னு சொல்லு."

மிரேயா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் வாரக்கணக்கா உப்பில்லாம ரொட்டி சுட்டேன்! ஊரே சிரிச்சுது. நாய்க்குப் போட்டேன், மோந்து பாத்துட்டுப் போச்சு. நீ என்னடான்னா பாசியை..." சட்டென்று நின்றாள். "நான்தானே அண்ணி துண்டு வெட்டி வெட்டி உன் கையில குடுத்தேன்."

"ரெண்டு பேருக்கும் தோணலை."

"ஒருத்தி முட்டாளா இருந்தாப் போதாதா ஒரு வீட்டுக்கு?" அவள் மூக்கைச் சிந்தினாள். "இப்ப என்ன பண்ணணும்?"

"மறுபடியும் மொதல்லேர்ந்து. இன்னும் மூணு வாரம்."

"மாவு இருக்கு," என்றாள் மிரேயா.

மூத்திரத்தில் அயோடின் நிறைய இருந்தது. அது உடம்பை விட்டுப் போகும் வரை, ஊருக்குத் திரும்பிய பிறகும், மாத்திரை இல்லாமலே இருக்க வேண்டியிருந்தது. ஊசிப் பரிசோதனையின் முடிவு அதற்குள் வந்துவிட்டது. அதே புற்று. எலியேசர் முற்றத்தில் காய்ந்த கட்டுகளையெல்லாம் வண்டியில் ஏற்றிச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனான். ரயேனுக்கு மரக்கரண்டி கொடுத்தார்கள். அவள் அதை வீசி எறிந்துவிட்டு அழுதாள். அவளைத் தூக்கினால் யாஸ்னாவின் கை இற்றுப்போவது போல் வலித்தது. தரையில் பாயைப் போட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் குழந்தையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல், வரும் வரை சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.

காற்று கடலிலிருந்து வீசும்போது ஊர் முழுக்கப் பாசி வாசனை அடித்தது. பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"வாசனையைத் தின்னு யாரும் வயிறு நிறைஞ்சதில்லை, யாஸ்னா. ஜன்னலைத் திறந்து வைங்க."

இந்த முறை ஸ்கேனுக்கு முன்பே மூத்திரத்தைச் சோதித்தார்கள். அயோடின் இல்லை. பட்டினி சரியாக இருந்தது. அதனால்தான் பயம் அதிகமாயிற்று. இனி எந்தச் சாக்கும் இல்லை. கணு இருப்பது தெரிந்த விஷயம். அது படத்தில் தெரியாவிட்டால், குடிக்க மறந்துவிட்டது என்று அர்த்தம்.

கதிர் அயோடினை விழுங்கிய அன்று விடுதி அறையில் மீனவர்களின் காவலரான பேதுருவிடம் வேண்டிக்கொண்டாள். தெரியட்டும், கறுப்பாகத் தெரியட்டும் என்று கேட்டாள். கேட்டு முடித்ததும் வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

கமலியேல் போர்வைகளைத் தயாராக வைத்திருந்தார். தட்டு இறங்கியது. முகம், கழுத்து, மார்பு. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எலியேசர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றான். வழியில் நின்ற அவனைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் போனார்கள்.

டாக்டர் ஃபெர்ராதா திரைக்கு முன்னால் குனிந்தார். நிமிரவில்லை.

"தெரியுதா?" என்றாள் யாஸ்னா.

"நடுக்கழுத்துல, இடது பக்கமா, ஏதோ இருக்கு."

"அதுதானா?"

"சொல்ல முடியாது. நீங்க முழுங்கற எச்சில்லயும் அயோடின் இருக்கும். அது உணவுக்குழாய்ல தங்கினாலும் இதே இடத்துலதான் தெரியும்." டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "முழுசாக் குடிங்க. எச்சில்னா கழுவிட்டுப் போயிடும். கணுன்னா அப்படியே நிக்கும். திரும்ப எடுப்போம்."

யாஸ்னா எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். உதட்டில் வைத்தாள். விழுங்கப் பயமாக இருந்தது. அது எச்சில்தான் என்றால் இந்தத் தண்ணீரோடு எல்லாம் போய்விடும். பிறகு கத்தி. குரல் போகும். ரயேன் என்று கூப்பிட முடியாது.

"குடிங்க, சென்யோரா," என்றார் கமலியேல் மெதுவாக. "நல்லாக் குடிக்கணும்."

குடித்தாள். ஒரு மடக்கு. இன்னொன்று. தண்ணீர் கழுத்துக்குள் இறங்குவது தெரிந்தது. இடது பக்கம் போகாதே என்று அதனிடம் சொல்லத் தோன்றியது. டம்ளரைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் படுத்தாள். தட்டு மறுபடியும் இறங்கியது. இந்த முறை கண்களை மூடவில்லை. தட்டின் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு விசிறி ஓடியது.

தட்டு விலகியது.

"டாக்டர்?"

"வந்து பாருங்க."

கமலியேல் கை கொடுத்து எழுப்பினார். போர்வை தரையில் இழுபட, வெறுங்காலோடு திரைக்குப் போனாள். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தண்ணீருக்கு முன், தண்ணீருக்குப் பின். இரண்டிலும் கழுத்தில், அதே இடத்தில், ஒரு கறுத்த புள்ளி. இரண்டாவது படத்தில் சுற்றியிருந்த மங்கல் போயிருந்தது. புள்ளி மட்டும் நின்றது. கூர்மையாக, கறுகறுவென்று.

"போகலை," என்றாள்.

"போகலை," என்றார் டாக்டர். "குடிச்சிருக்கு. நல்லாவே குடிச்சிருக்கு. பெரிய டோசுக்கு எழுதறேன். முழுசா அழியும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வழி இருக்கு."

யாஸ்னா திரையைத் தொட்டாள். புள்ளி அவள் விரல் நுனிக்கு அடியில் மறைந்தது. விரலை எடுத்தாள், இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. வீங்கிய கன்னங்களில் கண்ணீர் இறங்கியது.

எலியேசர் அனுமதி கேட்காமலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்னாச்சு? இருக்கா இல்லையா?"

"இருக்கு."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். மனைவியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கமலியேலைப் பார்த்தான். மூவரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

"நான் இப்ப என்ன மூஞ்சி வெச்சுக்கணும்னு யாராவது சொல்லித் தொலைங்க," என்றான்.

"அயோடினைக் குடிக்குது, கிழவா. கத்தி இல்லை."

அவன் தலையாட்டினான். புரிந்த மாதிரி தெரியவில்லை. திரைக்கு அருகே வந்து, தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தான்.

"இத்தனூண்டு நாயி," என்றான்.

"டாக்டர்," என்றாள் யாஸ்னா, "எப்போ ஆரம்பிக்கிறோம்?"